கூஜாவுக்கு வந்த நாரை

வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர் அண்ணன். பழைய வெள்ளிச் சாமான்களைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருக்கும் முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்த்து, இதைச் செய்தவர் இன்னார் என்று சொல்வது அவள் வேலை. ஓர் ஏல நிறுவனத்தின் மாடியில், ஜன்னலோர அறையில் உட்கார்ந்து அவள் இதைச் செய்துவந்தாள். "கரண்டியோட முதுகைப் பார்த்துச் சம்பளம் வாங்கறவ" என்றுதான் அப்பா அவளைத் தம் நண்பர்களுக்கு அறிமுகப்படுத்துவார். நண்பர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள் என்று தெரியும்.

வேலை அப்படியொன்றும் லேசுப்பட்டதில்லை. அந்தக் காலத்து வெள்ளி வேலைக்காரர் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு குட்டி எஃகு அச்சு வைத்திருந்தார். பாத்திரம் முடிந்ததும் அதன் அடியில் அச்சை வைத்து ஒரு தட்டு. ஒரு பூவோ, பறவையோ, இரண்டு எழுத்தோ விழும். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாகச் சொந்தக்காரர்கள் பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்துத் தேய்த்து, சிங்கத்தைப் பூனையாக்கி, பூனையைக் கறையாக்கி, கடைசியில் இவளிடம் கொண்டுவந்து "இது யாரு செஞ்சதுன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்பார்கள். கூடவே, இது தங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு ராஜா கொடுத்தது என்றும் சொல்வார்கள். அவள் அறைக்கு வந்தவர்கள் சொன்னதையெல்லாம் நம்பினால், அந்தக் காலத்து ராஜாக்களுக்கு ஆட்சி செய்யவே நேரம் இருந்திருக்காது. விடிந்ததும் வெள்ளிச் சாமானை எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்து, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இப்படி ஊரார் பெருமையையெல்லாம் கேலி செய்யத் தெரிந்தவளுக்கு, ஒரே ஒரு பொருள் என்று வந்தால் மட்டும் வாயடைத்துப் போகும். அது அப்பா வீட்டுக் கூஜா.

கூஜா என்றால் சாதாரணக் கூஜா இல்லை. வளைந்த மூக்கும், கொடி சுற்றியது போன்ற கைப்பிடியுமாக, கைக்குழந்தை கனம் கனக்கும். அதன் அடியில் ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது. அந்த முத்திரைக்குச் சொந்தக்காரர் யார், எப்படியிருந்தார் என்று யாருக்கும் தெரியாது. தொழிலில் இருப்பவர்கள் நாரைக்காரர் என்று மட்டும் சொல்வார்கள். சொல்லும்போதே குரல் தணியும். அவர் செய்து மிஞ்சியிருப்பவை எல்லாமே சிறியவை. கிண்ணம், உப்புச் சிமிழ், ஏழெட்டுக் கரண்டி. பெரியதாக அவர் செய்தது உலகத்திலேயே ஒன்றுதான் என்றால் அது அப்பாவின் கூஜா. வாழ்நாள் முழுக்கச் சின்னச் சாமான் செய்த மனிதர் இத்தனை பெரிய கூஜாவை ஏன் செய்தார் என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருந்தார். முதுமையில் கலைஞனின் மனம் விரிந்துவிட்டது என்பது அவர் முடிவு. அப்பா அந்தக் கட்டுரையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூஜாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். குடும்பப் புகைப்படத்திலும் நடுவில் நிற்பது கூஜாதான். மனிதர்கள் இடம் கிடைத்த இடத்தில் நின்றார்கள்.

இத்தனைக்கும் அதை அவள் கையில் எடுத்துப் பார்த்ததே கிடையாது. எட்டிப்போனாலே அப்பா தடுப்பார். "நீ மூச்சு விட்டாலே கறுத்துடும், தள்ளி நில்லு." ஊர் வெள்ளியையெல்லாம் உருட்டிப் பார்க்கிறவள், சொந்த வீட்டு வெள்ளியை அலமாரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

அவளுக்கு வெள்ளியே கொடுக்கவில்லை என்று அப்பாமேல் பழி போடக்கூடாது. கொடுத்தார். தாத்தா விட்டுப்போன வெள்ளி இரண்டே உருப்படி. கூஜா மகனுக்கு. கல்யாணத்தின்போது மகளுக்கு ஒரு கிண்ணம். உள்ளங்கையில் அடங்கும். அடியில் வட்டமாக ஓர் ஒட்டுப் போட்டிருந்தது. முத்திரை என்று ஒன்றும் கிடையாது. முதல் குழந்தைக்குப் பால் ஊற்றிய அன்றைக்கே ஒட்டின் ஓரமாகக் கசிந்து மேசையெல்லாம் நனைந்தது. கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டாள். அப்பாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"பிடிக்கத் தெரிஞ்சவங்க பிடிச்சா ஒழுகாது" என்றார் அப்பா.

வீடே சிரித்தது. அந்த வாக்கியம் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. யார் கையிலிருந்து எது சிந்தினாலும் அண்ணன் அதை எடுத்துவிடுவார். அண்ணியும் கற்றுக்கொண்டாள். பிறகு பூதக்கண்ணாடி அந்தக் கிண்ணத்தை அலுவலகத்துக்கு எடுத்துப்போய், மேசையில் ஜெம் கிளிப் போட்டு வைக்கும் கிண்ணமாக்கிவிட்டாள். ஜெம் கிளிப் ஒழுகாது.

இந்த இடத்தில் அவள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முத்திரை பார்க்கிறவர்களுக்கு முத்திரை இல்லாத பொருள் கண்ணில் படாது. அடியைப் பார்ப்பார்கள், ஒன்றும் இல்லை என்றால் நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அது எவ்வளவு அழகாக இருந்தாலும் அவ்வளவுதான் மரியாதை. ஊரில் மற்றவர்கள் இப்படி மனிதர்களிடம் நடந்துகொண்டால் அவர்களுக்குக் கோபம் வரும். பாத்திரத்திடம் நடந்துகொள்வதற்குப் பெயர் அனுபவம். நம் பூதக்கண்ணாடிக்கு அனுபவம் நிறைய. தன் கிண்ணத்தை அவள் ஒருநாளும் லென்ஸ் வைத்துப் பார்த்ததில்லை.

இப்படியிருக்கும்போது அப்பாவுக்குத் திடீரென்று பெருந்தன்மை பொங்கியது. கூஜாவை நகர அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுக்கப்போவதாக அறிவித்தார். அவர்கள் தனிக் கண்ணாடிப் பெட்டி செய்துகொடுக்கச் சம்மதித்தார்கள். கீழே பித்தளைப் பலகையில் அப்பாவின் பெயரும் அண்ணனின் பெயரும் பொறிக்கப்படும். பலகை சின்னது, மூன்றாவது பெயருக்கு இடமில்லை என்று அப்பா விளக்கினார். அருங்காட்சியகம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முத்திரை அசல் என்று ஏல நிறுவனத்திடமிருந்து ஒரு சான்றிதழ். நிறுவனத்தில் வெள்ளி பார்ப்பவள் ஒருத்திதான். பலகையில் இடமில்லாதவளுக்குச் சான்றிதழில் இடம் கிடைத்தது.

ஒரு காலையில் அண்ணன் கூஜாவைச் சால்வையில் சுற்றி மாடிக்குக் கொண்டுவந்தார். அடுத்தவருக்கு ஜால்ரா போடுகிறவரைக் கூஜா தூக்குகிறார் என்று கேலி செய்வோமே, அண்ணன் அன்றைக்கு அதை நிஜமாகவே செய்தார். முகத்தில் களைப்பு தெரிந்தது.

"பூதக்கண்ணாடி, சட்டுனு ஒரு கையெழுத்துப் போடு. பலகைக்கு ஆர்டர் குடுத்தாச்சு."

"பார்க்காம எப்படிண்ணா போடறது?"

"ஊருக்கே தெரிஞ்ச கூஜா. இதுல பார்க்கறதுக்கு என்ன இருக்கு? அப்பா சாயந்திரம் வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கார்." சொல்லிவிட்டு, முதலாளியோடு காபி குடிக்கக் கீழே போனார்.

அறையில் அவளும் கூஜாவும் மட்டும். பஞ்சுக் கையுறையைப் போட்டுக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அதைத் தூக்கினாள். மேசைமேலிருந்த சின்ன மெத்தையில் கவிழ்த்து வைத்தாள். லென்ஸைக் கண்ணில் வைத்தாள். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாரை நின்றது. ஒற்றைக் கால், தாழ்ந்த அலகு, பாதத்தருகே சின்ன முறிவு. நாரைக்காரரின் அச்சு முனை உடைந்த பிறகு அடித்த முத்திரை. அசலில் அசல். சந்தேகமே இல்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் என் வீட்டுக் கூஜா என்று நினைத்தாள். பெருமையாகத்தான் இருந்தது, பலகையில் இடமில்லாவிட்டாலும்.

பேனாவைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் நாரை ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று பட்டது. கரண்டிக்கும் கிண்ணத்துக்கும் அடிக்கும் அச்சு அது. இவ்வளவு பெரிய அடிப்பாகத்தில் அதைப் பார்க்க, வீட்டுச் சுவரில் தபால்தலை ஒட்டியதுபோல இருந்தது. வேறு யாருடைய கூஜாவாக இருந்தாலும் அடுத்து என்ன செய்வாளோ அதைப் பழக்க தோஷத்தில் செய்தாள். குனிந்து, அடிப்பாகத்தின்மேல் வாயால் ஒரு மூச்சு விட்டாள்.

வெள்ளியின்மேல் ஆவி படிந்தது. ஆவிக்கு நடுவில், நாரையைச் சுற்றி, மெல்லிய வட்டம் ஒன்று தெரிந்து மறைந்தது.

வெள்ளியும் அதைப் பற்றவைக்கும் உலோகமும் ஒன்றல்ல. வெறும் கண்ணுக்கு ஒரே பளபளப்பாகத் தெரிவது, மூச்சுக்காற்று பட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். வேறு ஏதோ ஒரு சாமானிலிருந்து நாரையை வட்டமாக வெட்டியெடுத்து, கூஜாவின் அடியில் ஓட்டை போட்டுப் பதித்து, பற்றவைத்து, தேய்த்திருக்கிறார்கள். தொழிலிலேயே பழைய திருட்டு இது. இப்படி எத்தனையோ பேருடைய ராஜா கொடுத்த சாமான்களை அவள் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. இன்னொரு தரம் மூச்சு விட்டாள், இந்தத் தடவை வட்டம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு. வந்தது. நீ மூச்சு விட்டாலே கறுத்துவிடும் என்று அப்பா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

லென்ஸை நகர்த்தினாள். நாரையின் அலகுக்குப் பக்கத்திலிருந்து பழைய கீறல் ஒன்று வளைந்து ஓடி, வட்டத்தின் விளிம்பில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் கூஜாவில் கீறலே இல்லை. கீறலுக்கு எல்லைச்சுவர் தெரியாது. மிச்சக் கீறல் வேறெங்கோ இருக்க வேண்டும்.

வட்டத்தைப் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மறுபடி மூச்சு விட்டு, ஆவி மறைவதற்குள் அதன் ஓரத்தில் சாக்குப் புள்ளிகள் வைத்தாள். மெல்லிய தாளை அதன்மேல் விரித்து, பென்சிலால் வட்டத்தையும் கீறலையும் வரைந்தாள். தாளைச் சேர்த்துப் பிடிக்க ஒரு கிளிப் வேண்டியிருந்தது. கண்ணை எடுக்காமலேயே கையை நீட்டியதில் கிண்ணம் தட்டிவிடப்பட்டுக் கவிழ்ந்தது. கிளிப்புகள் மேசையெங்கும் சிதறின. கிண்ணத்தின் அடி அவளைப் பார்த்தது.

வட்டமான ஒட்டு. ஒட்டுக்கு வெளியே, எங்கிருந்தோ தொடங்கியதுபோல ஒரு கீறல்.

அவள் கத்தரிக்கோலை எடுத்து, தாளில் வரைந்த வட்டத்தை வெட்டி, கிண்ணத்தின் ஒட்டின்மேல் வைத்தாள். அச்சடித்தாற்போலப் பொருந்தியது. மெதுவாகத் திருப்பினாள். தாளிலிருந்த கீறல் விளிம்புக்கு வந்து, கிண்ணத்திலிருந்த கீறலோடு சேர்ந்து, ஒரே கோடாக ஓடியது.

நாரைக்காரர் கூஜா செய்யவே இல்லை. கலைஞனின் மனம் முதுமையில் விரியவும் இல்லை. அவர் ஒழுங்காக ஒரு கிண்ணம்தான் செய்தார். அந்தக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நம் நிபுணர், நாரைக்காரரைப் பற்றிப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்திருக்கிறாள். அவருடைய விளிம்பு வேலை எத்தனை நேர்த்தி என்று விளக்கிக்கொண்டே அதே விளிம்புக்குள் விரலை விட்டுக் கிளிப் எடுத்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாக வெட்கம் வந்தது. வீட்டில் அவளை எப்படி வைத்திருந்தார்களோ அப்படியேதான் அவளும் அந்தக் கிண்ணத்தை வைத்திருந்தாள். அப்பாமேல் வந்த கோபம் மூன்றாவதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது போகவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, முடிஞ்சுதா? உங்க அண்ணன் ரெண்டாவது காபி குடிக்கறார்."

அவள் மூச்சு விட்டுக் காட்டினாள். முதலாளி கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்தார்.

"நாரை அசல்தானே?"

"அசல்தான் சார்."

"அப்போ முத்திரை அசல்னு எழுதிக் குடு. கேட்டது அதுதானே. மத்ததை நாம ஏன் பேசணும்? வீட்டு விஷயம் வேற."

"வீட்டு விஷயம்கறதாலதான் சார் பேசணும். அப்பாகிட்ட நானே பேசிக்கறேன்."

முதலாளி பெருமூச்சு விட்டார். எங்கே அதுவும் வெள்ளியில் பட்டு இன்னொரு வட்டம் தெரிந்துவிடுமோ என்று பயந்தவர்போலப் பின்வாங்கி, கீழே போய்விட்டார்.

சாயந்திரம் அவளும் அண்ணனும் ஒரே காரில் அப்பா வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் மடியில் கூஜா. அவள் கைப்பையில் கிண்ணம். கையெழுத்தாயிற்றா என்று அண்ணன் வழிநெடுக நச்சரித்தார். அப்பாகிட்ட சொல்றேன் என்பதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

அப்பா கூடத்தில் தம் நாற்காலியில் இருந்தார். பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அவர் ரப்பர் முத்திரை விழுந்தால்தான் ஒரு கல்யாணம் செல்லும், ஒரு வீடு கைமாறும். ஓய்வு பெற்று வெகுகாலமாகியும், தாம் சரி என்றால்தான் சூரியன் உதிப்பது சட்டப்படி செல்லும் என்ற நினைப்பு அவருக்குக் குறையவில்லை. அண்ணன் சோபாவில் உட்கார்ந்து கூஜாவை மடியில் அணைத்துக்கொண்டார்.

அவள் அண்ணன் மடியிலிருந்த கூஜாவைச் சாய்த்து, அடியில் மூச்சு விட்டு, வட்டத்தைக் காட்டினாள். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்து, தாள் வட்டத்தை அதன்மேல் வைத்துக் கீறலைக் காட்டினாள். தாத்தா கூஜாவை வாங்கும்போதே யாரோ அவரை ஏமாற்றியிருக்கலாம் என்று ஆரம்பித்தாள். வழிநெடுக யோசித்து வைத்திருந்த மரியாதையான வாக்கியம் அது. அப்பா அதற்கு வேலையே வைக்கவில்லை.

"யாரும் ஏமாத்தல. நான்தான் மாத்தி வெச்சேன்" என்றார்.

அண்ணன் கூஜாவைத் தாமே சாய்த்து அடியைப் பார்த்தார்.

"உன் கல்யாணத்துக்கு முன்னாடி வெள்ளி தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். கூஜாவைத் திருப்பிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. இந்தக் கிண்ணத்தைத் திருப்பினதும் எழுந்து நின்னுட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இத்தனை பெரிய கூஜாவுக்கு ஒரு முத்திரை கிடையாது, கையளவு கிண்ணத்துக்கு நாரை. இது நியாயமா? பத்தவைக்கறவர் ஒருத்தரைக் கூப்பிட்டேன். ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்தார்." அப்பா குரலில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை. பிழையான பத்திரத்தைத் திருத்திக் கொடுத்த நிம்மதிதான் இருந்தது.

"கிண்ணத்தைக் கல்யாணத்துல எனக்குத்தானே குடுத்தீங்கப்பா?"

"குடுத்தேனே. ஒரு குந்துமணி வெள்ளி குறையலையே. எடுத்த இடத்துல ஒட்டு வெச்சுத்தானே குடுத்தேன். நீ வேற வீட்டுக்குப் போறவ, நாரையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? இங்க இருந்தா நம்ம வீட்டுக்குப் பெருமை."

வெள்ளி குறையவில்லை என்பது உண்மைதான். அவள் எடை பார்க்கிறவள், அதை மறுக்க முடியாது. அப்பா தன்னை ஏமாற்றவே இல்லை, தன்னை நினைத்துப் பார்க்கக்கூட இல்லை என்பதுதான் அவளைச் சுட்டது. ஏமாற்றுவதற்காவது ஆளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் அண்ணன், பதறிப்போய். "இதை யாருக்கு மூச்சு விட்டுப் பார்க்கத் தெரியப்போகுது? நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"போடறேன்ணா. நாரை அசல், அது என் கிண்ணத்தோடது, கூஜா யார் செஞ்சதுன்னு தெரியலன்னு எழுதிப் போடறேன்."

"மியூசியத்துல சிரிப்பாங்க" என்றார் அப்பா.

"சிரிக்கட்டும்ப்பா. நம்ம வீட்ல சிரிக்காததா? இல்லன்னா குடுக்காதீங்க, இங்கேயே வெச்சுக்குங்க. கூஜா அண்ணனோடது, அதை நான் கேக்கல. எனக்கு என் வட்டம் வேணும்."

"எந்த வட்டம்?"

"நாரை நிக்கற வட்டம். அதை வெட்டி எடுத்து என் கிண்ணத்துல திரும்ப வைக்கணும். அது இருந்த இடம் அதுதான்."

அப்பா கூஜாவைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் முகத்தை அவர் இத்தனை நேரம் பார்த்து வெகுகாலம் ஆகியிருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்தது. அவருடைய குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது.

"அதை வெட்டி எடுத்துட்டா கூஜா ஒழுகுமேம்மா."

அவள் கிண்ணத்தை நிமிர்த்தி, கைக்குட்டையில் பொதிந்து, கைப்பையில் வைத்து மூடினாள்.

"பிடிக்கத் தெரிஞ்சவங்க பிடிச்சா ஒழுகாதுப்பா" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன், அது இப்போதே ஒழுகத் தொடங்கிவிட்டதுபோல, மடியிலிருந்த கூஜாவைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.